விளிம்பு எழுத்து

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம், உன் இருமல் விட்டதா என்பதை முதல் வரியிலேயே எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குத்தான் பத்து நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் நண்பரை உனக்குத் தெரியும், என்னைப் போலவே குட்டி ஜெர்மன் அரசுகளின் பழைய வெள்ளிக் காசு சேர்ப்பவர். போன மாதம் காசு சேர்ப்பவர்கள் கூட்டத்தில் தாலர் என்கிற பெரிய வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டினார், சிற்றரசரின் முகம் மேலே இருக்க, காசின் விளிம்பைச் சுற்றிப் பொறித்த எழுத்து தலைகீழாக ஓடியது, எல்லார் முன்னாலும் இது போலி என்று சொல்லிவிட்டேன். அவர் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள் உறை மாற்றுவதற்காக என்னிடமுள்ள அதே வருடத்துக் காசுகள் இரண்டை வெளியே எடுத்தேன், ஒன்றில் எழுத்து நேராக இருக்கிறது, மற்றதில் தலைகீழ். விளிம்பில் எழுத்தைப் பதித்த பிறகுதான் முகத்தை அடித்திருக்கிறார்கள், முகமில்லாத வெள்ளி வில்லை அச்சில் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம். பதினைந்து வருடம் கையில் வைத்துக்கொண்டு இதை நான் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்ததைப் பார்த்து அம்மா, கட்டிக்கிட்டு நாப்பது வருஷமாச்சு, எங்கிட்ட ஒரு தடவ கேட்டதில்ல, அவருக்கு இத்தனை நடையா என்றாள். கடைக்குப் போனால் அந்தக் காசு அவருடைய சாவிக்கொத்தில் தொங்குகிறது, சிற்றரசரின் காதுக்கு மேல் தன் கையாலேயே துளை போட்டிருக்கிறார், துளை விழுந்த காசை இனி எவரும் சேர்க்க மாட்டார்கள். நான் சொல்லி முடித்தும் கண்ணில் செருகியிருந்த கடிகார லென்ஸைக் கழற்றவில்லை. அப்புறம், போலின்னீங்க, சாவிக்காச்சும் ஆகட்டும்னு போட்டேன், விடுங்க சார், கூட்டத்துல போய் சொல்லிக்கிட்டிருக்காதீங்க, அப்புறம் உங்ககிட்ட எவன் காசக் காட்டுவான் என்றார். திட்டியிருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன். இதே காரணத்துக்காக இன்னும் மூன்று பேரின் காசைப் போலி என்று தள்ளியிருக்கிறேன், இருவரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டேன். மூன்றாமவர் ஒரே ஒரு முறை வந்தவர், நீ கல்லூரியில் சேர்ந்த வருடம், அன்று நீயும் கூட்டத்துக்கு வந்திருந்தாய். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார், எங்கப்பா வச்சிருந்தது என்றார், நான் சொன்னதும் நன்றி சொல்லிவிட்டு, காசை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். போலிகள் என்று எழுதிய டப்பாவில்தான் இத்தனை நாளும் கிடந்தது. நேற்று எடுத்து எடை பார்த்தேன், அசல். அவர் எங்கே வேலை பார்ப்பதாகச் சொன்னார், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எது ஞாபகம் வந்தாலும் உடனே எழுது.

வேளைக்குச் சாப்பிடு, மருந்தை நடுவில் நிறுத்தாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா