சுத்தம் செய்கிறோம் என்றுதான் சொன்னாள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மகளுக்கு இருமல் விட்டுவிட்டது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பார்க்க வந்தவர், நாளை வருகிறேன் என்று போனவர் போனவர்தான். மற்றபடி நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

தொழிற்சாலை விசாரணையில் நீங்கள் மொழிபெயர்த்துச் சொன்னதன் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்யச் சொன்னீர்கள் அல்லவா, கேட்டேன். மாவு பிசையும் இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்த, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த அந்தப் பெண் ஸ்பானிஷில் பேசுகிறாள். அழவில்லை. இயந்திரம் ஓடும்போதே என்று தொடங்கி, "லிம்பியாமோஸ்" என்று முடிக்கிறாள். நீங்களும் முதலில், "நாங்க சுத்தம் பண்றோம்" என்றுதான் சொன்னீர்கள். உடனே மேலாளர் தொண்டையைச் செருமுகிறார்.

"சார், நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. நாங்களா, நானா?"

அடுத்தது உங்கள் குரல். "மன்னிக்கணும். நான்னுதான் சொல்றாங்க."

என்னிடம் ஸ்பானிஷ் படித்து, என்னையே கட்டிக்கொண்டவர் நீங்கள். முதல் வாரப் பாடம் இது. லிம்பியோ, சுத்தம் செய்கிறேன். லிம்பியாஸ், செய்கிறாய். லிம்பியா, செய்கிறாள். லிம்பியாமோஸ், செய்கிறோம். லிம்பியான், செய்கிறார்கள். நம் தமிழைப் போலவே வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். என் வகுப்பில் தூங்கி வழிகிறவர்கள்கூட இதில் தடுக்கி விழுவதில்லை. நாம் என்று போடுவதா, நாங்கள் என்று போடுவதா என்று நீங்கள் தடுமாறியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் என்று போட எப்படி மனம் வந்தது?

அங்கே எல்லோரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்பது அந்த ஒரே சொல்லில் இருந்தது. அதை மாற்றியதும், தன் இஷ்டத்துக்குக் கையை விட்டவள் ஆகிவிட்டாள் அவள். கம்பெனிக்குக் கைகழுவ வசதி. வருஷம் முழுக்க மொழிபெயர்ப்பு வேலை தருவதாக மேலாளர் சொன்னார் என்று போன வாரம் சந்தோஷமாகச் சொன்னீர்களே, அது இதற்குத்தானா? அவள் உங்களை நம்பித்தானே வாயைத் திறந்தாள்? நீங்கள் சொன்னது தமிழில் என்னவென்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

நான் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டேன். அவள் சொன்னது, நீங்கள் சொன்னது, மேலாளர் செருமியது உட்பட. ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். ஆனால் அதை நானாக யாருக்கும் அனுப்புவதைவிட, நீங்களே எழுந்து நின்று, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்வது நல்லது. விசாரணை இன்னும் முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குப் புரிகிற மொழியிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

வேலை போனால் போகட்டும். என் வகுப்பு இருக்கிறது, சமாளிப்போம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். அப்பா எப்போது வருவார் என்று மகள் தினமும் கேட்கிறாள். திருத்திவிட்டு வருவார் என்று நான் சொல்லும்படி செய்யுங்கள்.

இன்னும் உங்கள்,
மனைவி