குரூப்பில் போட்ட சாவு

அக். 29, புதன்

காலையிலிருந்து தூறல். ராஜகிரிக் கோட்டை மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. கடைவாய்ப் பல்லில் வலி, கிராம்பு. இன்று செய்ய வேண்டியவை: பேப்பருக்கு நெல் மூட்டைகள் நனைந்த செய்தி, காஸ் புக்கிங், பல் டாக்டர்.

மூன்றும் நடக்கவில்லை. மதியம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூர்த்தியை நேற்று மாலை அடித்துப் போட்டிருக்கிறார்கள்.

மூர்த்தி, பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் வேலை. பி.எஸ்ஸி. எனக்கு வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்தவன். சொந்த ஊர் க. (முழுப் பெயர் இந்த நோட்டிலும் வேண்டாம்.) காலனிக்காரன். அவன் அப்பா மாரி, ஊர்த்தெருவில் யார் செத்தாலும் மோளம் அடித்து, உறவுக்காரர்களின் ஊர்களுக்கு நடந்தே போய்ச் சேதி சொன்னவர். போன வருடம் இறந்தார்.

போய்ப் பார்த்தேன். வலது மணிக்கட்டு நொறுங்கியிருக்கிறது. கட்டைவிரலில் நகம் இல்லை. முதுகில் மோட்டார் பெல்ட் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. டாக்டர் விரல்களை அசைக்கச் சொன்னார். நான்கு அசைந்தன. கட்டைவிரல் அசையவில்லை.

அவன் சொன்னதையும் அவன் மனைவி செல்வி சொன்னதையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டது:

– நாட்டாமை ராஜாங்கத்தின் சித்தப்பா திங்கள் இரவு சாவு.
– செவ்வாய் விடியலில் மூர்த்தி வீட்டுக்கு ஆள். மோளம் எடு, சேதி சொல்லக் கிளம்பு என்று.
– மூர்த்தி போகவில்லை. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். தொடங்கியவன் அவன். அட்மின் அவனும் செல்வியும். இறந்தவர் படம், பிணம் எடுக்கும் நேரம், எல்லாம் சரியாக. போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டான்.
– மாலை வீடு திரும்பும்போது ஏரிக்கரையில் மறித்தார்கள். ராஜாங்கத்தின் தம்பி ஏழுமலையும் அவன் ஆட்களும்.

"இந்தக் கைலதானடா டைப் பண்ண?"

கல்மேல் கையை வைத்து, இன்னொரு கல்லால். பிறகு அவன் போனை, அதே கல்லால்.

செல்வி எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னாள். கடைசியில் மட்டும்: "மருதாணி வெச்சா மாதிரி செவப்பா இருந்துச்சி சார் அந்தக் கல்லு. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

பல் வலி மறந்தே போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் திரும்பி வந்தது.

அக். 30, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

அடித்ததை அவர்களே வீடியோ எடுத்திருக்கிறார்கள். ஏழுமலை அதை அதே குரூப்பில் போட்டிருக்கிறான். மேலே ஒரு வரி: "இதுவும் சேதிதான், எல்லாருக்கும் சொல்லிடுங்க." சாவைப் போட்டதற்காகக் கையை உடைத்தவன், கையை உடைத்த சேதியை அங்கேயே போடுகிறான். செல்வியின் போனில் பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஸ்டேஷன். செல்வி, அவள் அண்ணன், நான். அந்தப் பக்கம் ராஜாங்கமும் ஏழுமலையும், இஸ்திரி போட்ட சட்டையில். தலைமறைவாகக்கூட இல்லை. இன்ஸ்பெக்டருக்கு இதைச் சாதாரண அடிதடியாக எழுதி முடிக்க ஆசை. வீடியோ பற்றி நான் கேட்டேன்.

"இன்னா வீடியோ? யாரு போட்டது? இந்தா என் போனு. நீங்களே பாருங்க சார்."

ஏழுமலை தன் போனையே நீட்டினான். இன்ஸ்பெக்டர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இல்லை. ராத்திரி யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள், அழித்திருக்கிறான். ஆனால் அவன் அழுத்தியது "எனக்கு மட்டும் நீக்கு". அவன் போனில் மட்டும் போயிற்று. ஊர் முழுக்க எல்லார் போனிலும் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியவில்லை. தெளிவான முகத்தோடு நின்றான்.

செல்வி தன் போனை எடுத்து மேசைமேல் வைத்து ஓட விட்டாள். சத்தம் முழுதாக. பெல்ட் விழும் ஓசை, பிறகு கல். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டார்.

"சவுண்ட கொறைம்மா."

"ஏன் சார்? அடிச்சப்ப யாராவது கொறைச்சாங்களா?"

முடியும்வரை ஓடியது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு. அது எழுதப்படும்போது, ஒன்றுக்குப் போகிறேன் என்று பின்பக்கம் போன ஏழுமலை திரும்பி வரவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ராஜாங்கம் செல்வியிடம் வந்தார். மற்றவர்கள் போட்டதை அட்மின் அழிக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அந்த வீடியோவ எடுத்துடு. பொண்ணு கட்டிக் குடுத்த எடம்லாம் அந்த குரூப்ல இருக்குது."

"தெரியும். எங்க வூட்டுக்காரர்தான் சேத்துவுட்டாரு."

"எடுக்கலன்னா ஊருக்குள்ள இருக்க மாட்டீங்க."

செல்வியின் அண்ணன் கையை ஓங்கினார். நான் நடுவில். அவர் முழங்கை என் தாடையில். சரியாக அந்தப் பல் இருக்கும் பக்கம்.

மாலைக்குள் குரூப்பில் வசவு, மிரட்டல், மிரட்டலுக்கு மிரட்டல். வீடியோவை விட்டுவைத்து, அதன் கீழ் வந்ததையெல்லாம் அழித்து, செல்வி குரூப்பைப் பூட்டிவிட்டாள். இனி அட்மின் மட்டுமே எழுத முடியும்.

அக். 31, வெள்ளி

தூறல். நான் பேப்பருக்கு அனுப்பிய செய்தி வந்திருக்கிறது, ஆறாம் பக்கம், ஒரு பத்தி. தலைப்பு: "இரு தரப்பு மோதல்". மோதலுக்கு இரண்டு பேர் கை ஓங்க வேண்டும். போன் செய்தேன். டெஸ்க்கில் ஒரு புதுப் பெண்: "வீடியோ அனுப்பலியே சார் நீங்க? அனுப்பிருந்தா ஆன்லைன்ல பெருசா போட்டிருப்போமே." போனை வைத்தேன்.

க.வுக்குப் போனேன். ஏரிக்கரையில் மூர்த்தியின் வண்டி எரிந்து கிடக்கிறது. சீட்டின் கம்பிகள் மட்டும். நேற்று இரவு கொளுத்தியது. காலனிப் பையன்கள் பதிலுக்கு ராஜாங்கத்தின் வைக்கோல் போரைக் கொளுத்தப் போய், மழையில் அது பற்றவில்லை.

ஒன்று எனக்குப் புரியவில்லை, அதைக் கேட்கத்தான் போனேன். ராஜாங்கம் போனை வெறுக்கும் ஆள் இல்லை. பம்பு செட் மோட்டாரைக் கட்டிலில் படுத்தபடி போனில் போடுகிறார். வாசலில் கேமரா. மகளுக்கு ஜாதகம் பார்த்ததுகூட அதில்தான். அதே குரூப்பில் கரண்ட் கட், ரேஷனில் சர்க்கரை, காணாமல்போன கன்றுக்குட்டி எல்லாம் வரும். ஊர்த்தெரு முழுக்கப் படிக்கும், கைகூப்பும் பொம்மை போடும். சாவு மட்டும் ஏன் கூடாது?

டீக்கடையில் ஊர்த்தெருப் பெண் ஒருத்தி. பால் சொசைட்டிக்கு வந்தவள். அவள் சொன்னதுதான் நேரான பதில்.

"தாய்மாமனுக்கும் தவுடு விக்கிறவனுக்கும் ஒரே நேரத்துல சேதியா? யாருக்கு மொத சொல்லணும், யாரு வூட்டு வாசல்ல மொத நிக்கணும்னு மொற இருக்குது இல்ல? போன்ல வந்தா எனக்குன்னு வரல. எல்லாருக்கும் வருது."

"அதுக்காக ஒரு ஆள் மழையில நடக்கணுமா?"

"காலங்காலமா நடந்தாங்கதான?" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி: "கைய ஒடைச்சது தப்புதான். நான் சொன்னேன்னு போட்ராதீங்க."

அங்கேயே ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "ரிப்போர்ட்டரா வந்தியா, அவனுங்களுக்கு வக்கீலா வந்தியா?" தள்ளினான். கண்ணாடி விழுந்தது. மிதித்தான். தெரியாமல் மிதித்ததுபோல் அல்ல, குதிகாலைத் திருப்பி. இதைப் பழைய கண்ணாடியில் எழுதுகிறேன். எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

நவ. 1, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சு.

ஆஸ்பத்திரி. மூர்த்திக்கு ஆபரேஷன் முடிந்து கையில் கம்பி. கட்டைவிரல் வருமா என்று டாக்டர் சொல்லவில்லை. மேசையில் செல்வியின் போன், இடது கையில் பழகுகிறான். என்னைப் பார்த்ததும், "பல்லுமா போச்சி சார் எங்களால?"

குரூப் ஏன் தொடங்கினாய் என்று இன்றுதான் கேட்டேன். இத்தனை நாள் தோன்றவில்லை.

"எங்க நைனா செத்தப்ப சேதி சொல்லப் போக ஆள் இல்ல சார். அவர்தான அந்த ஆளு."

பிறகு சொன்னான்: மாரி எந்த வீட்டிலும் வாசற்படி தாண்டியதில்லை. தெருவில் நின்று குரல் கொடுப்பார். நாய் வரும். உள்ளே அழுகை கிளம்பும். அழுதுகொண்டே யாராவது வந்து, தூக்கிப் பிடித்த சொம்பிலிருந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். மூர்த்தி சிறுவயதில் கூடப் போயிருக்கிறான். "எல்லார் வூட்டு சாவையும் சொன்னாரு. அவரு சாவை நான் குரூப்ல போட்டேன். அதான் மொத மெசேஜ். ஊர்த்தெருல ஒருத்தர் வரல. பாத்துட்டாங்க சார். புளூ டிக் விழுந்துச்சி."

பஞ்சில் ரத்தம் நிற்கவில்லை. வேறு பஞ்சு வைத்துக்கொண்டேன்.

நவ. 3, திங்கள்

கனமழை. விடியலில் ராஜாங்கத்தின் தாயார் சாவு. ரொம்ப நாளாகப் படுக்கை.

மூர்த்திக்கு ஆனதற்குப் பிறகு காலனியில் ஒருவரும் மோளம் எடுக்கவில்லை, சேதிக்கும் கிளம்பவில்லை. மிரட்டிப் பார்த்திருக்கிறார்கள். செல்வியின் அண்ணன் அரிவாளோடு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். சரி என்று ராஜாங்கமே ஒவ்வொருவராகப் போன் செய்யத் தொடங்கியிருக்கிறார். அங்கேதான் வினை. பங்காளிக்குப் போட்ட பிறகு தாய்மாமனுக்குப் போட்டார். அதற்குள் பங்காளி மகன் மாமனிடம் துக்கம் விசாரித்துவிட்டான். மாமன், அதாவது செத்த அம்மாளின் அண்ணன், பனமலைப் பக்கத்து ஆள்: "எங்கூட்டுப் பொண்ணு செத்தது எனக்கு மூணாம் மனுசன் சொல்லித் தெரியணுமா? நாங்க வரல." மாமன் வராவிட்டால் பிறந்த வீட்டுக் கோடித் துணி இல்லை. கோடி போடாமல் எடுக்க மாட்டார்கள். அடுத்த ஊரில் இன்னொருவன், அவனுக்கு ஏன் முதலில் என்று. பிணம் ஐஸ் பெட்டியில். ஊரில் கரண்ட் இல்லை.

பத்து மணிக்கு எனக்குப் போன், ராஜாங்கம். குரலில் அழுத சளி.

"ரிப்போர்ட்டர் சார், அவன்கிட்ட சொல்லி அந்த குரூப்ல போடச் சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல போய்டும். யாரும் கோச்சிக்க முடியாது."

சொல்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மூர்த்தியிடம் சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவு சேதின்னா ஆள் நேர்ல வரணும் சார். போன்ல சொன்னா சாவாயிடுமா? அவங்கதான் சொன்னாங்க. வந்து சொல்லச் சொல்லுங்க."

செல்வி அவனைப் பார்த்தாள்.

மதியத்துக்குமேல் ராஜாங்கம் வந்தார். கார் வாசலில், மழையில் நனைந்த வேட்டி. வார்டு கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரலாமா என்று அவருக்கும் தெரியவில்லை, வா என்று யாரும் அழைக்கவில்லை. மற்ற கட்டில்காரர்கள் பார்த்தார்கள்.

"எங்கம்மா போய்ட்டாங்க," என்றார். "நாளைக்கு பகல்ல எடுக்கறோம்."

டேய் என்று கூப்பிடவில்லை. தம்பி என்றும் இல்லை. யாரிடம் சொல்கிறார் என்பதே இல்லாமல் சொன்னார்.

மூர்த்தி தலையசைத்தான். இடது கட்டைவிரலால் எழுதினான். மெதுவாக, தப்பு விழுந்தால் அழித்து. அம்மாளின் பெயருக்குமுன் "திருமதி" போட்டான். கடைசியாகக் கேட்டான்: "சுடுகாட்டு வழில தண்ணி நிக்குதா? வண்டில வர்றவங்களுக்குப் போடணும்."

அனுப்பியதும் ராஜாங்கத்தின் பையில் சத்தம். எடுத்துப் பார்த்தார். சாவுச் சேதிக்கு ஒட்டி மேலே, அந்த வீடியோ. குரூப் பூட்டியிருப்பதால், அழித்த வசவுகளின் தடம் தவிர நடுவில் வேறெதுவும் இல்லை.

"மேல இருக்கறத்த..." என்றார்.

"இனிமே யாராலயும் எடுக்க முடியாது. டைம் தாண்டிப் போச்சி," என்றான் மூர்த்தி. பிறகு, "இதுவும் சேதிதான்னு உங்க தம்பிதான் எழுதிருக்காரு."

ராஜாங்கம் போனைப் பையில் போட்டார். கை இரண்டு முறை இறுகித் தளர்ந்தது. போய்விட்டார். செல்வி எழுந்து கதவைச் சாத்தினாள். அப்போதுதான் அவள் மடியில் பழம் நறுக்கும் கத்தி இருந்ததைப் பார்த்தேன்.

நவ. 4, செவ்வாய்

வெயில்.

க.வில் எடுப்பு. மோளம் கூலிக்கு வெளியூரிலிருந்து. மாமன் வந்தார், கோடியோடு. எல்லாரும் வந்திருந்தார்கள். எடுக்கும் நேரம் பார்க்கக் குரூப்பைத் திறந்த ஒவ்வொருவரும் மேலே உள்ளதையும் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள். பந்தலில் துக்கத்தோடு துக்கமாக அந்தப் பேச்சுதான். ஒரு சம்பந்தி வீட்டார் பந்தலுக்கு வெளியே நின்றபடியே திரும்பினார்கள்.

பாடையைத் தூக்கும்போது ஏழுமலை வந்தான். தாடி, அழுக்குச் சட்டை. பெற்றவள், வராமல் இருப்பானா. மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள், தோள் கொடுத்து முடிக்கட்டும் என்று நின்றார்கள்.

அவன் பாடையைத் தொடுவதற்குள் மாமன் அறைந்தார். கிழவர், ஆனால் அறை தெருக்கோடிக்குக் கேட்டது. மறுபடி. மூன்றாவதில் ஏழுமலையின் மூக்கிலிருந்து ரத்தம் தாயின் கோடிமேல் சொட்டியது. யாரும் பிடிக்கவில்லை. அவனும் கை தூக்கவில்லை. மோளம் நின்றுபோயிற்று.

"சேதி சொல்ற கைய ஒடைச்சா நாளைக்கு எவன்டா நம்ம வாசலுக்கு வருவான்?"

சுடுகாட்டிலிருந்தே ஏழுமலையை ஜீப்பில் ஏற்றினார்கள். படம் எடுத்தேன். டெஸ்க்குக்கு அனுப்பினேன்.

மாலை ஆஸ்பத்திரிக்குப் போய் மூர்த்தியிடம் நடந்ததைச் சொன்னேன். அறைந்தது வரை கண்ணை மூடிக் கேட்டான். மாமன் என்ன சொல்லி அறைந்தார் என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

"இன்னும் என் கையத்தான் பாக்கறாங்க சார். என்னப் பாக்கல," என்றான்.

செல்வியிடம் போனை வாங்கி, ஊர்த்தெருக்காரர்களை ஒவ்வொருவராகக் குரூப்பிலிருந்து நீக்கத் தொடங்கினான். இடது கையால். நேரம் எடுத்தது.