உள்ளே உறங்குவது

அன்புச் செல்வ மகளுக்கு, இறையருளால் உன் தாயும் நானும் நலம்; நீயும் மாப்பிள்ளையும் நலமுற நாள்தோறும் வேண்டுகிறோம். எங்களிடம் நீ விட்டுச்சென்ற உன் மகளும் நலம். அதை முதலில் எழுதிவிட்டேன். பதறாமல் மேலே படி. தொலைபேசியில் சொன்னால் தவித்துப்போவாய் என்றே மறைத்தோம்.

சென்ற மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. சளியில்லை, இருமலில்லை, எரிகிறதென்று சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தாள். கேட்டதற்கு, அடிவயிற்றில் கைவைத்து, "யாரோ மேல ஏறி வராங்க தாத்தா" என்றாள். காய்ச்சல் பிதற்றல் என்று எண்ணினோம். மருத்துவரம்மா சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, குழந்தையை உன் தாயோடு வெளியே இருத்திவிட்டு என்னிடம் சொன்னார்: பெரும்பாலும் ஈ.கோலை என்னும் கிருமியாம். எல்லோர் குடலிலும் தீங்கின்றிக் குடியிருப்பதாம். இடம் மாறிச் சிறுநீர்ப் பாதையில் புகுந்தால் சிறுநீரகம் வரை மேலே ஏறுமாம். குழந்தை சொன்ன அதே சொல்.

ஆன்டிபயாடிக் கொடுத்தோம், காய்ச்சல் தணிந்தது. "உங்க பாராயணத்துக்கே இறங்கிடுச்சு, இனி எதுக்கு இந்தச் சூடு பண்ற மருந்து" என்று உன் தாய் புட்டியை மேல்தட்டில் வைத்துவிட்டாள். புகழ்ச்சியில் குளிர்ந்து நானும் வாளாவிருந்தேன். குழந்தை மட்டும், "அது போகல பாட்டி, ஒளிஞ்சிருக்கு" என்றாள். சில நாளில் நடுக்கமும் வாந்தியுமாகக் காய்ச்சல் திரும்பிற்று. மருத்துவரம்மா கடிந்துகொண்டார்: "காய்ச்சல் போனா கிருமியும் போச்சுன்னு யாருங்க சொன்னது? இன்னும் விட்டிருந்தா கிட்னியில தழும்பு விழுந்திருக்கும். சாமிகிட்டயும் கேளுங்க, மருந்தையும் முழுசாக் கொடுங்க." எம்மருந்துக்கு அது அடங்குமென்று ஆய்வகம் கண்டுசொல்ல, மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியே மருந்தேற்றினார்கள், வீடு வந்தபின் வாய்வழி மருந்தைக் கடைசி வேளை வரை கொடுத்தோம். சிறுநீரகம் பழுதுபடவில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று, "போயிடுச்சாடா கண்ணு?" என்று கேட்டேன். "ம். அது வீட்டுக்கே திரும்பிடுச்சு" என்று வயிற்றைத் தடவிக்காட்டினாள். அதன் வீடு எதுவென்று அவளுக்கு எவரும் சொன்னதில்லை, மகளே. "தூங்குது தாத்தா. சத்தமாப் பாடாதீங்க" என்றாள். உடம்பினுள் உறைபவன் இறைவன் ஒருவனே என்று இத்தனை காலம் ஓதிய நான், இன்று காலைத் துதியை உதடு மட்டும் அசையச் சொல்லி முடித்தேன்.

நிறையத் தண்ணீர் தருகிறோம், அடக்கிவைக்க விடுவதில்லை. எல்லா நன்மையும் உங்களைச் சூழ்வதாக. ஒன்று மட்டும் மறவாதே: அவளோடு பேசும்போது குரலை உயர்த்தாதே.

உன் நலம் நாடும்
அப்பா