"பி.டி. சார்" என்று எழுதிய படிவங்கள்

ஐப்பசி 9, திங்கள்
தூறல். குடைக்கம்பி இன்னும் சரி செய்யவில்லை. ராஜபாளையம் கல்லூரியிலிருந்து கட்டு வந்தது: இறுதியாண்டு மாணவர்கள் நிரப்பிய படிவங்கள். வேலை கிடைக்க எது தேவை, படிப்பா, திறமையா, பழக்கமா? வெள்ளிக்குள் அட்டவணை போட்டுத் தரவேண்டும். ஓய்வுபெற்ற இந்தக் கணக்கு வாத்தியாரை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெருமை.

ஐப்பசி 10, செவ்வாய்
கடைசிக் கேள்வி: வேலைக்கு உதவுவார் என்று நம்பும் ஒருவர் பெயர். பாதிக்கு மேல் "பி.டி. சார்". அதாவது சுந்தரராஜ் (இனி சு.), என்னோடு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஒருவன் எழுதியது: "மார்க் எல்லார்ட்டயும் இருக்கு. பி.டி. சார் போன்ல எல்லார் நம்பரும் இருக்கு."
என் பெயர் எதிலும் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். (மூன்று.)
சு. ஒரு கல்யாணம், ஒரு சாவுத் துட்டி விடமாட்டார். நான் வாழ்த்து அட்டை அனுப்புகிறவன்.
முழுப் பெயர் இல்லாத படிவங்களைப் "பெயர் தெளிவில்லை" கட்டத்தில் போட்டேன். முறைப்படி சரிதான். சரிதானா?

ஐப்பசி 11, புதன்
காலை மாத்திரை மறந்தேன். மடவார் வளாகத் தெருவில் என் வீட்டைத் தேடி ஒரு மாணவி வந்தாள். மாரிச்செல்வி, ஊர் சுந்தரபாண்டியம். ராஜபாளையம் மில் அலுவலகத்தில் ஓர் இடம்; நாளை கடைசி நாளாம்.
"மேனேஜர் உங்ககிட்ட படிச்சவியளாமே சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."
இருபது வருடமாக அவனோடு பேசியதில்லை. அவன் கல்யாணத்துக்கும் போகவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? பி.டி. சாரைப் பார், நான் அனுப்பியதாகச் சொல் என்றேன். முகம் வாடிப் போனாள்.

ஐப்பசி 13, வெள்ளி
வெயில். பேருந்தில் இடம் கிடைத்தது. கல்லூரி வாசலில் சு. நேற்றே அவளை மில்லுக்குக் கூட்டிப்போனாராம். வேலை கிடைத்துவிட்டதாம். முதலில் சுருக்கென்றது. மகிழ்ச்சி பிறகுதான் வந்தது.
"நான் என்ன சார் செஞ்சேன்? கணக்கு சார் அனுப்புன பிள்ளைன்னேன். மேனேஜர் எந்திரிச்சுட்டான். அவிய அனுப்புனா சரியாத்தான் இருக்கும்னுட்டான். ஒரு நாளாச்சும் போன் பண்ணலியேன்னு உங்க மேல அவனுக்கு வருத்தம்."
என் பெயருக்கும் மதிப்பு உண்டு. அதைக்கூட அவர் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.
அட்டவணையைக் கொடுக்கவில்லை. திங்கள் தருவதாகச் சொல்லித் திரும்பினேன்.

ஐப்பசி 14, சனி
"பி.டி. சார்" அத்தனையையும் சு. பெயருக்கு மாற்றினேன். கட்டம் போதவில்லை. காகிதம் ஒட்டினேன்.
நிரப்பாத படிவம் ஒன்று மிச்சம். பென்சிலால் நானே நிரப்பிப் பார்த்தேன். கடைசிக் கேள்விக்கு சுந்தரராஜ் என்றுதான் எழுத வந்தது. பாதியில் நிறுத்தி அழித்தேன். அழுத்தி எழுதிவிட்டேன் போல. தடம் தெரிகிறது.