வெறும் சுவரில் எரிந்த டெஸ்டர்

ஐப்பசி 9, வியாழன்

குளியலறையில் நாளைக்கு டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தது. கொத்தனார் செல்வராசு பழைய பூச்சைக் கொத்தி, தூசி போகச் சுவரைக் கழுவிவிட்டு, பிரைமர் அடிக்க ஆரம்பித்தார். ஈரச் சுவரில் இடது கையை ஊன்றியவர் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். வாளி கவிழ்ந்தது.

"செவுத்துல கரண்டு வருதுக்கா. டெஸ்டர் இருந்தா குடுங்க."

வெறும் சுவரில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது.  மெயினை அணைத்துவிட்டு அந்த இடத்தை உடைத்தார். உள்ளே ஹீட்டர் ஒயரை ஒட்டுப்போட்ட இடத்தில் டேப்புகூட இல்லை, பாலிதீன் தாளைச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

என் மாமனார் தினமும் அங்கேதான் கையை ஊன்றிக்கொண்டு குளிப்பார். ஆனியில் குறுவை நட்டதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்: "ஏம்மா, செவுத்தத் தொட்டா கை சுர்ருங்குது."

"சர்க்கரை இருக்குல்ல மாமா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். பெரிய டாக்டர் நான்! குடவாசல் டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு "கை மரத்துப்போவுது" என்று சொல்லி, நரம்பு மாத்திரை வாங்கி வந்தேன். சுவரைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடைத்த இடத்தை மாமாவும் வந்து பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.  இரவு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டார்:

"இன்னிக்கும் அந்த மாத்திர போடணுமாம்மா?"