டெட்லெஃப் அத்தானின் பதக்கப் பட்டை

4 மார்ச் 1996, லூபெக்

இந்த நோட்டின் மீது கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. அதற்கு நியாயமும் உண்டு. ஹின்ரிச் மாமா வாயைத் திறந்தால் பால்டிக் கடல் மீன்கள் சிரிப்பு தாங்காமல் கரையேறிவிடும் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் இதே ஹின்ரிச்தான் பழைய ராணுவப் பதக்கங்களுக்கு வட ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம். ஒரு பதக்கப் பட்டையை முகர்ந்தாலே போதும், அதை நெஞ்சில் குத்தியிருந்தவன் அன்று காலை என்ன தின்றான் என்று சொல்லிவிடுவேன். வாயால் லட்சம் பொய். கையெழுத்திட்ட சான்றிதழில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

அக்கா மகள் வீப்கே இன்று கடைக்கு வந்தாள். ஜனவரியில் இறந்த அவள் அப்பாவின், அதாவது என் டெட்லெஃப் அத்தானின், மேசை இழுப்பறையில் கிடைத்ததாம்: மூன்று பதக்கங்களை வரிசையாகத் தைத்த பட்டை.

“மாமா, ஊர் மியூசியத்துல கேக்கறாங்க. ‘போரில் ஒரு ரொட்டிக்காரர்’னு அப்பா போட்டோவோட வைப்பாங்களாம். அசல்தான்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்.”

“என் ஒரு வரிக்கு மூணு தளபதிங்க எந்திரிச்சு நிப்பாங்க, தெரியுமா?”

“நிக்கட்டும். உங்க ஊதா விளக்குல காட்டிப் பாருங்க, இப்பவே.”

“பல்பு போச்சும்மா.”

5 மார்ச்

பல்பு நன்றாகத்தான் இருக்கிறது.

8 மார்ச்

ரொட்டிக் கதை என் சொந்தச் சரக்கு. முப்பத்தொன்பது கிறிஸ்துமஸாகச் சொல்லி வருகிறேன். “போர்ல எங்க அத்தான் சுட்டாரு, சுட்டாரு, மூணு வருஷம் விடாம சுட்டாரு...” என்று நிறுத்துவேன். மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். “ரொட்டி!”

டென்மார்க்கில் அவர் சுட்ட கம்பு ரொட்டி ஒன்று கோபன்ஹேகன் தெருவைவிட நீளம். அதை வெட்ட ஒரு படைப்பிரிவே ரம்பத்தோடு வந்தது. அதன் ஓட்டைக்குள் தளபதி மூன்று நாள் குடியிருந்தார். வருடத்துக்கு வருடம் ரொட்டி வளர்ந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவர் அத்தான்தான். சிரித்துவிட்டு விறகு எடுக்கப் போய்விடுவார். ஒருமுறை அடுப்படியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். “நிறுத்திடாத, ஹின்ரிச். வருஷா வருஷம் சொல்லிக்கிட்டே இரு.” அவர் விரல் பதிந்த இடம் நான்கு நாள் கன்றிக் கிடந்தது. இதில் மிகை இல்லை.

9 மார்ச்

முதியோர் இல்லத்தில் அல்மூட் அக்காவைப் பார்த்தேன். பட்டை மகள் கையில் இருக்கிறது என்றேன். தட்டிலிருந்த கேக்கை முள்கரண்டியால் பொடிப்பொடியாக்கினாள்.

“தூக்கிப் போடுன்னு அந்த மனுஷன்கிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன். அசல்னு எழுதிக் குடுத்துடு.”

“எழுத்துல நான் பொய் சொன்னதில்லக்கா.”

“பெரிய யோக்கியன்! தச்சது யாருடா? நீதானே?”

11 மார்ச்

நான்தான்.

1957. பழைய பதக்கங்களை நாஜிச் சின்னத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி அணியலாம் என்று சட்டம் வந்த வருடம். நான் பதக்கம் தைக்கும் பட்டறையில் தையற்காரன். வயது இருபத்தொன்பது. அக்கா பட்டையோடு வந்து நின்றாள். முதலில் இரும்புச் சிலுவை. அடுத்தது சிவப்பு நாடாவில்: கிழக்கே ரஷ்யப் போர்முனையில் முதல் குளிர்காலத்துக்கு. கடைசியில் நீல நாடாவில்: காவல் படையில் எட்டு வருடப் பணிக்கு. அந்தக் குளிர்காலத்தில் கிழக்கே காவல் படைக்காரனுக்கு என்ன வேலை? ஊர் ஊராக யூத மக்களைப் பள்ளத்தின் ஓரம் நிறுத்தினார்களே, அந்த வேலை. கேள்வி கேட்கக்கூடாது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு அப்போதே தெரியும்.

“கடைசி ரெண்டையும் மாத்திடுடா” என்றாள்.

மாற்றினேன். போர்முனைக்கே போகாதவர்களுக்குத் தரும் பதக்கம் ஒன்று, தீயணைப்புப் படைப் பதக்கம் ஒன்று. புத்தம்புது நைலான் நூல். தைத்துக்கொண்டே டென்மார்க்கையும் ரொட்டியையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

14 மார்ச்

புற ஊதா விளக்கின் கீழ் பழைய பருத்தி நூல் செத்துக் கிடக்கும். போருக்குப் பிந்தைய நூல் பளீரென்று ஒளிரும். ‘மினுக்கினா பொய்’ என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். வீப்கேயும் கேட்டு வளர்ந்தவள். இன்று வந்தாள், ஜன்னல் திரையை இழுத்தாள், விளக்கைத் தானே போட்டாள்.

முதல் பதக்கம் இருட்டு. மற்ற இரண்டும் ஜொலித்தன.

“மினுக்குது, மாமா.”

“டென்மார்க்ல ஒரு தையல்காரி இருந்தா, அவளுக்கு ஏழு விரலு...”

“மாமா.”

நிறுத்திவிட்டேன். “நான்தாம்மா தச்சேன்.” வாய் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

அவள் கத்தரியை எடுத்துப் பின்பக்கக் கம்பளித் துணியைப் பிரித்தாள். அடப்பாவி ஹின்ரிச், நீ மறந்தே போயிருந்தாய்! கழற்றிய நாடாவை வீணாக்காமல் தகட்டுக்கும் துணிக்கும் நடுவே மெத்தையாக மடித்து வைப்பது எங்கள் தொழில் வழக்கம். மேசையில் இரண்டு துண்டுகள் விழுந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வெயிலே படாத நிறம். வீப்கே பள்ளியில் வரலாறு நடத்துபவள். நீலத்துக்கு அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“மறைச்சத தூக்கிக்கூடப் போடலியா நீங்க?”

“நல்ல பட்டும்மா அது.”

இதைவிடக் கேவலமான ஒரு பதில் இந்த வாயிலிருந்து வந்ததில்லை.

“அம்மாவுக்கும் தெரியுமா?”

தலையாட்டினேன்.

“அப்போ இத்தன வருஷம் நான் மட்டும்தான் நெஜமா சிரிச்சிருக்கேன்.”

15 மார்ச்

இன்று ரொட்டி வாங்கவில்லை.

19 மார்ச்

சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். “முதல் பதக்கம் அசல். மற்ற இரண்டும் 1957இல் மாற்றித் தைத்தவை. அங்கே முன்பு இருந்தவற்றின் நாடாக்கள் இத்துடன் உள்ளன. மாற்றியவர் கீழே கையெழுத்திடுபவர்.” வீப்கே பட்டையோடும் நாடாக்களோடும் அதை மியூசியத்தில் கொடுத்துவிட்டாள். ரொட்டிக்காரர் என்ற தலைப்பை எடுக்கச் சொன்னாளாம்.

அக்கா போன் செய்தாள். “எனக்குத் தம்பியே கெடையாது.” வைத்துவிட்டாள்.

7 ஏப்ரல், ஈஸ்டர்

வீப்கே வீட்டில் விருந்து. உறவு முழுக்க வந்திருந்தது. அக்கா வரவில்லை. ஆட்டுக்கறி பரிமாறியதும் வீப்கே தட்டைத் தள்ளி வைத்தாள்.

“மாமா, அப்பா கதையச் சொல்லுங்க. எப்பவும் போலவே ஆரம்பிங்க.”

எழுந்து நின்றேன். “போர்ல எங்க அத்தான் சுட்டாரு, சுட்டாரு, மூணு வருஷம் விடாம சுட்டாரு...”

வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். மேசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. சிலர் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த சொல்லை நான் சொல்லவில்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

“போதும் மாமா. உக்காருங்க” என்றாள் வீப்கே.

உட்கார்ந்தேன். முப்பத்தொன்பது வருடமாக நான் சொன்ன கதையில் தெரு இல்லை, ரம்பம் இல்லை, தளபதி இல்லை, டென்மார்க்கே இல்லை. ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு சின்னச் சொல் மட்டும் உண்மை.

சுட்டார்.