தொலைக்காட்சியிலிருந்து என் மகன் நீக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
தையல்காரி,
சலவைக் கடைக்கு மேல் மாடி வீடு.

பெறுநர்:
குறைதீர்க்கும் அலுவலர்,
இணையத் தொலைக்காட்சிச் சேவைப் பிரிவு.

பொருள்: வேறொரு வீட்டு டிவிக்கு எங்கள் கணக்கை மீண்டும் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று தங்களுக்கு நிறைய மனுக்கள் வரும். இது அப்படிப்பட்டதன்று. எங்கள் கணக்கில் சொல்லாமல் படம் பார்த்துவந்தவரைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்கிறேன். படித்துச் சிரித்தாலும் சரி, ஓரமாக வைத்துவிட வேண்டாம்.

2. எங்கள் டிவியில் கேபிளை எடுத்துவிட்டு இணையத்தைச் சேர்த்தவன் என் மூத்த மகன். பாஸ்வேர்டு போட்டவனும் அவனே. டிவியைப் போட்டதும் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு ஆளுக்கொரு முகம் காட்டும். அவனுடையது மஞ்சள் முகம்.

3. சென்ற ஆண்டு அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் வாய்த்தகராறு முற்றியது. இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார் இவர். அவன் மிதிக்கவில்லை. போன் எண்ணையும் மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, ஒன்றும் தெரியாது. ஆனால் மஞ்சள் முகத்தைத் திறந்தால், அவன் பார்க்கும் தொடரின் படத்துக்குக் கீழே சிவப்புக் கோடு தினமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எனக்கு அதுதான் சாட்சி. கோடு நகராத நாளில் காய்ச்சலாக இருக்குமோ என்று எனக்குச் சோறு இறங்காது.

அப்படியொரு பிள்ளையே எனக்கில்லை என்று ஊரெல்லாம் சொல்லும் என் கணவர், காலையில் பல் துலக்குமுன் “டிவி ஓடுதா?” என்று கேட்பார். “ஓடுது” என்பேன்.

4. சென்ற மாதம் படம் அடிக்கடி நின்று சுற்றியதால் இணைப்புக்காரத் தம்பியை வரவழைத்தேன். அவசரமாகக் கொடுக்கவேண்டிய சட்டை ஒன்று மெஷினில் இருந்தது. போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை அவர் கேட்டார், தைத்துக்கொண்டே வாசித்துச் சொன்னேன். “அம்மா, வேற எங்கயோ ஒரு டிவியில யாரோ உங்க கணக்குல ஓசியில படம் பாத்துட்டிருந்தாங்க. தூக்கிட்டேன், பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்” என்றார். அவருக்கு நான் நன்றி வேறு சொன்னேன். அவர் மாடிப்படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

5. சேவை எண்ணில் கேட்டால், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். பழைய பாஸ்வேர்டு எங்கள் யாருக்கும் தெரியாது. புதியது அவனுக்குத் தெரியாது. கோடு பாதியில் நிற்கிறது. அப்பா வாசலை அடைத்தார், அம்மா இதையும் அடைத்துவிட்டாள் என்றுதானே நினைப்பான்?

6. விதிமுறையில் இதற்கு இடமில்லை என்றுதான் பதில் வரும், அறிவேன். பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட முடியாவிட்டால் போகட்டும். அந்த டிவியிலிருந்து பழைய பாஸ்வேர்டைப் போட்டு யாராவது மறுபடி உள்ளே வரப் பார்த்தார்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லவும். ஆம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் பதிலே வேண்டாம். தபால் தாமதமாகிறது என்று இருந்துகொள்வேன்.

இடம்: மாடி வீடு
நாள்: 23, வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மஞ்சள் முகத்தின் அம்மா

நகல்: யாருக்கும் இல்லை. விசாரணைக்கு வருபவர் என் கணவரிடம் எதையும் கேட்க வேண்டாம். இன்று காலையும் கேட்டார், ஓடுகிறது என்றே சொல்லியிருக்கிறேன்.